தோட்டத்து ஊர் கிளினிக்கில் விடுமுறைப் பயிற்சி இடம் பிடிப்பது எப்படி? மருத்துவ மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"மெயில் போட்டு ரெண்டு மாசமாச்சு டாக்டர், ஒரு பதிலும் இல்ல." மெடிக்கல் படிக்கும் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். டப்ளினிலோ மணிப்பாலிலோ படிப்பார்கள். கோடை விடுமுறைக்கு மலேசியாவுக்கு ஊர் திரும்பும்போது ஒரு தோட்டத்து ஊர் கிளினிக்கில் நான்கு வாரம் பயிற்சி எடுக்கலாம் என்று ஆசை. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனை என்றால் போட்டி இருக்கும், இந்தச் சின்ன ஊருக்கு யார் வரப்போகிறார்கள், கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கு தப்பு. பெரிய மருத்துவமனையில் மாணவர் விவகாரத்தைப் பார்க்கவென்றே ஒரு மேசை இருக்கும். சின்ன ஊரில் அது யாருடைய வேலையும் அல்ல. உங்கள் மெயிலைத் திறக்கும் கிராணிக்கு, அதாவது அலுவலக எழுத்தருக்கு, அதை யாரிடம் அனுப்புவது என்றே தெரியாது. உங்களை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சரி என்று சொல்லும் பொறுப்பு யாருக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, சரி சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பிறகு அவர் சரி சொல்வதற்கு என்னென்ன வேலை இருக்கிறதோ அத்தனையையும் நீங்களே முடித்து அவர் கையில் கொடுப்பது. மார்க்கும் சிபாரிசும் அதற்கு அப்புறம்தான்.

நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். பீடோர், பாகான் செராய், கெடாவின் லூனாஸ், நெகிரி செம்பிலானின் பஹாவ், ஜொகூரின் செகாமட் என்று வேறு ஊர்களை நினைத்திருப்பவர்களுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதேதான். மலேசியக் குடியுரிமை உள்ள மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வெளிநாட்டு மாணவர்களுக்குக் குடிநுழைவு விவகாரம் தனியாக இருக்கிறது.

படி 1: ஊரைத் தெரிந்துகொண்டு, எதைக் கற்கப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

"தோட்டப்புற மக்களுக்குச் சேவையாற்ற விரும்புகிறேன்" என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். எந்தத் தோட்டம், எந்த மக்கள் என்று கேட்டால் பதில் வராது.

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து எமர்ஜென்சி எனும் அவசரகாலப் பிரகடனம் வந்தது. துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். பெரிய தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது தொழிலாளிகளே பணம் போட்டு வாங்கட்டும் என்று 1960இல் அவர் முன்னின்று தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

இது மருத்துவ மாணவருக்கு எதற்கு? காலை ஏழு மணிக்கே சாப்பிடாமல் வந்து ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருக்கும் எண்பது வயது ஆயா, எமர்ஜென்சிக் காலத்தில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் பால்மரம் வெட்டப் போனவர். அவர் மகன் செம்பனைக் குலை வெட்டி இடுப்பு போனவர். பேரன் தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் பிறந்து ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மூன்று பேருக்கும் இனிப்பு நீர் இருக்கலாம், மூன்று பேருக்கும் அது வந்த வழி வேறு. மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்த் தொழிலாளிகளைப் பார்க்கத் தோட்டத்துக்குள் போனால் பெரும்பாலான இடங்களில் ஏமாந்துபோவீர்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது. நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் டவுனை ஒட்டிய மலிவு விலைத் தாமான்களுக்கு வந்துவிட்டன. இன்று தோட்டத்துக்குள் குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். அதனால் அவர்கள் தோட்ட கிளினிக்குக்கோ நிறுவனம் ஒப்பந்தம் செய்திருக்கும் பேனல் கிளினிக்குக்கோ போவார்கள், இல்லையென்றால் எங்குமே போகாமல் பானடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

இந்த ஊரில் நாடாளுமன்ற உறுப்பினராக 2008 முதல் 2018 வரை இருந்த ஜெயக்குமார் தேவராஜ் ஒரு நெஞ்சுநோய் மருத்துவர். தோட்டத் தொழிலாளர்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது பற்றியும் அரசு மருத்துவச் சேவை பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, நோயாளியின் அட்டையில் இருக்கும் முகவரி ஏன் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவற்றைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஆக, இடத்துக்கு முன் நோக்கம். தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு இவற்றைப் பார்க்க வேண்டுமா? டவுன் கிளினிக்குக்குப் போங்கள். பூச்சிமருந்து, கண்ணில் விழும் செம்பனைத் தூசு, கத்தி வெட்டு, எலிக்காய்ச்சல் என்று வேலை தரும் நோய்களைப் பார்க்க வேண்டுமா? தோட்ட கிளினிக். காட்டோரத் தெமியார் பூர்வகுடி மக்களைப் பார்க்க வேண்டுமா? அதற்கு நடமாடும் மருத்துவக் குழு, அது தனி அனுமதி. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரி உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் வரப்போகிறது.

படி 2: கதவு எது என்று பாருங்கள்

நான்கு கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, அரசு சுகாதார கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். இங்கே பலர் செய்வது, கிளினிக்கின் மெயிலுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது. கிளினிக்குக்கு மாணவரைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. அது மாவட்ட சுகாதார அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. மாவட்ட அலுவலகம் மாநில சுகாதார இலாகாவின் பொதுச் சுகாதாரத் துணை இயக்குநரின் கீழ் வருகிறது. ஆகவே கடிதம் மேலே போக வேண்டும், மாவட்டத்துக்கு ஒரு நகல் போக வேண்டும். சுங்கை சிப்புட் என்றால் ஈப்போவில் இருக்கும் மாநில இலாகாவுக்கும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கும். உங்களை மேற்பார்வை பார்க்கப் பொருத்தமானவர் கிளினிக்கின் குடும்ப மருத்துவ நிபுணர், எல்லாரும் எஃப்.எம்.எஸ். என்று சொல்வார்கள். ஒரே எஃப்.எம்.எஸ். பல கிளினிக்குகளைச் சுற்றி வருவதும் உண்டு. எந்தக் கிழமை எந்தக் கிளினிக்கில் இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இரண்டாவது, மாவட்ட மருத்துவமனை. இங்கே முடிவெடுப்பவர் மருத்துவமனை இயக்குநர். சுங்கை சிப்புட் மருத்துவமனை நிபுணர்கள் தங்கி வேலை பார்க்காத சிறிய மருத்துவமனை. சிக்கலான கேஸ்கள் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகும். படிப்பதற்கு இது அருமையான இடம், ஏனென்றால் யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவு தினமும் உங்கள் கண்முன் நடக்கும். சிக்கல் என்னவென்றால், சில பல்கலைக்கழகங்கள் நிபுணர் கையெழுத்து இல்லாமல் எலெக்டிவ் எனும் விருப்பப் பயிற்சியை ஏற்பதில்லை. உங்கள் கல்லூரி சீனியர் மெடிக்கல் ஆபீசர் கையெழுத்தை ஏற்குமா என்று விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்காது என்றால் எஃப்.எம்.எஸ். உள்ள கிளினிக்கையோ, நிபுணர்கள் உள்ள தெலுக் இந்தான் மாதிரி மருத்துவமனையையோ பாருங்கள். அதைச் சுற்றியும் தோட்டங்கள்தான்.

மூன்றாவது, தோட்ட கிளினிக். அன்றாடம் அங்கே இருப்பவர் தோட்டத்து எச்.ஏ., அதாவது மருத்துவமனை உதவியாளர்; பழைய ஆட்கள் இன்னும் டிரெசர் என்றுதான் சொல்வார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்கள் இவர்கள். கட்டுப்போடுகிறவர்தானே என்று நினைத்துப் போகிற மாணவன் ஒரே வாரத்தில் அடங்கிவிடுவான். குறிப்பிட்ட நாள்களில் வெளியிலிருந்து வந்து பார்க்கிற விசிட்டிங் டாக்டர் ஒருவர் இருப்பார். உங்களுக்குக் கையெழுத்துப் போடக்கூடியவர் அவர். அனுமதி கொடுக்க வேண்டியவர் தோட்ட மேனேஜர். பெரிய நிறுவனம் என்றால் மேனேஜரும் தலைமையகத்தைக் கேட்பார், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். நேராக மேனேஜருக்கு எழுதாமல் முதலில் விசிட்டிங் டாக்டரைப் பிடியுங்கள். அவர் கேட்டால் மேனேஜர் மறுப்பது அரிது.

நான்காவது, டவுனில் உள்ள தனியார் கிளினிக். இலாகா இல்லை, நகல் இல்லை; டாக்டர் சரி என்றால் சரி. பல தோட்டங்களுக்குப் பேனல் டாக்டர் இவர்தான். முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு என் யோசனை இந்தக் கதவுதான். மார்க்குக்காக இல்லை, பார்த்துப் பழகத்தான் என்றால் அரசாங்க அனுமதிக்கு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடுகிறது. பெரிய பெயர் போட்ட சான்றிதழ்தான் வேண்டுமாம்.

படி 3: காலண்டரை முன்னால் வையுங்கள்

ஜூலையில் போக வேண்டும் என்றால் ஜனவரியில் தொடங்குங்கள். கடிதம் மாநிலம் போய், மாவட்டம் வந்து, கிளினிக்கைக் கேட்டு, மறுபடி மேலே போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் கோர்ஸுக்குப் போயிருப்பார் அல்லது லீவில் இருப்பார்.

ஹரி ராயா எந்த மாதம் வருகிறது என்று பாருங்கள், அது ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். ராயாவுக்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களில் கடிதம் அனுப்பினால் அது கட்டின் அடியில் போய்விடும். கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். லூனாஸுக்கோ பாடாங் செராய்க்கோ முயற்சி செய்பவர்கள் வெள்ளிக்கிழமை போன் அடித்துவிட்டு யாரும் எடுக்கவில்லை என்று புலம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிறு காலை அடியுங்கள், எடுப்பார்கள். ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது.

உள்நாட்டுக் கல்லூரிகளையும் மறக்காதீர்கள். ஈப்போவிலும் பீடோங்கிலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரக் கிளினிக்குகளில் மாணவர்கள் பாடத்திட்டப்படி சுழற்சி முறையில் வந்துகொண்டே இருப்பார்கள். இடம் இல்லை என்ற பதில் பெரும்பாலும் இதனால்தான். "எந்த மாதம் மாணவர்கள் குறைவு?" என்று முதல் போனிலேயே கேட்டுவிட்டுத் தேதியைக் குறியுங்கள்.

உடம்பு சம்பந்தமான ஒன்றையும் ஜனவரியிலேயே தொடங்கிவிட வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி இந்த நாட்டில் 1989 முதல் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது, ஆகவே போட்டாயிற்று என்று இருந்துவிடுவீர்கள். ஆனால் கேட்கப்படுவது எதிர்ப்பொருள் அளவு. குழந்தையில் போட்ட ஊசியின் அளவு இருபது வயதுக்குள் குறைந்திருப்பது சகஜம். 10க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி, அதற்குப் பிறகு மறுபடி பரிசோதனை. சிலருக்கு மூன்று ஊசியும் திரும்பப் போட வேண்டி வரும், அது ஆறு மாதக் கணக்கு. ஜூன் மாதம் போய் ரத்தம் கொடுத்தால் பயிற்சி அடுத்த ஆண்டுதான்.

படி 4: காகிதக் கட்டு, முட்டுக்கட்டையைப் பிரிப்பது

பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். "ஏற்புக் கடிதம் காட்டு, அப்புறம் இன்ஷூரன்ஸ் கடிதம் தருகிறோம்" என்பார்கள் பல்கலைக்கழகத்தில். "பல்கலைக்கழகக் கடிதமும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஏற்புக் கடிதம் தர முடியாது" என்பார்கள் இங்கே. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

இதைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழகத்திடம் ஏற்புக் கடிதம் தேவைப்படாத ஒரு கடிதத்தைக் கேளுங்கள். அதில் நான்கு விஷயம் போதும்: நீங்கள் இன்ன ஆண்டு மாணவர், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை, இந்தத் தேதிகளில் வெளியிடப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்சேபம் இல்லை, இடம் உறுதியானதும் காப்புறுதி அந்தத் தேதிகளுக்கு வழங்கப்படும். நான்காவது வரிதான் உயிர்நாடி. அதை வைத்துக்கொண்டு இங்கே நிபந்தனையுடன் கூடிய ஏற்பைக் கேட்கலாம். அந்த ஏற்பு பல்கலைக்கழகம் போனால் காப்புறுதி வரும். கல்லூரியில் இப்படி ஒரு மாதிரிக் கடிதம் இல்லை என்றால் நீங்களே எழுதி, லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு அது நிம்மதி.

இதோடு மைகார்டு (அடையாள அட்டை) நகல், படத்துடன் ஒரு பக்க சுயவிவரம், தடுப்பூசிப் பதிவு, நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கை, கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவம், பயிற்சியின் நோக்கம் ஒரு பக்கம். உங்கள் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். தனியார் கல்லூரிகளில் படிப்பவர்கள் தங்கள் கல்லூரிக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா, அது எந்த இடங்களுக்குப் பொருந்தும் என்று டீன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, பெயரும் தேதியும் தலைப்பில் வருமாறு சேருங்கள். தனித்தனியாகப் பத்துக் கோப்புகள் அனுப்பினால் பத்தில் இரண்டு அச்சாகாது.

ஆராய்ச்சி ஆசை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமைச்சின் கிளினிக்கில் நோயாளித் தகவல் சேகரிக்க வேண்டும் என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். நான்கு வாரப் பயிற்சிக்குள் அது நடக்காது. விண்ணப்பத்தில் "சிறு ஆய்வு ஒன்றும் செய்ய விரும்புகிறேன்" என்று அலங்காரத்துக்கு எழுதினால், சுலபமாகச் சரி சொல்லியிருக்கக் கூடிய அதிகாரி பயந்து பின்வாங்குவார். எழுதாதீர்கள்.

படி 5: கடிதம்

கடிதம் மலாயில் இருக்க வேண்டும். மலாய்க் கடிதம்தான் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மளமளவென்று நகரும். வெளிநாட்டில் ஐந்தாண்டு இருந்து மலாய் துருப்பிடித்துப் போனவர்கள் தம்பி தங்கைகளிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பெறுநர் முகவரிக்குக் கீழே, கவனத்துக்கு என்று, பொறுப்பான பிரிவின் பெயரைப் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் கடிதங்கள் அலைகின்றன. இன்னொரு சின்ன விஷயம்: அரசாங்கக் கடிதங்களைப் பார்த்து நகலெடுப்பவர்கள் முடிவில் "சாயா யாங் மெஞ்சாலாங்கான் அமானா" என்று போட்டுவிடுகிறார்கள். அது அரசு ஊழியர் போடுவது. நீங்கள் போடத் தேவையில்லை.

உள்ளடக்கம் இப்படி இருக்கலாம், மலாயில் எழுதிக்கொள்ளுங்கள்:

"நான் இன்ன பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. ஜூலை மாதம் நான்கு வாரம் சுங்கை சிப்புட் சுகாதார கிளினிக்கில் பயிற்சி பெற அனுமதி கோருகிறேன். தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் நீரிழிவுப் பராமரிப்பைக் கற்பது என் நோக்கம். தமிழும் மலாயும் பேசுவேன். தங்குமிடமும் போக்குவரத்தும் என் சொந்தப் பொறுப்பு. மேற்பார்வையாளரிடம் எதிர்பார்ப்பது வாரம் ஒருமுறை கலந்துரையாடலும் முடிவில் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்தும். ஆய்வு எதுவும் இல்லை. குறிப்பிட்ட மாதத்தில் இடமில்லை என்றால் ஆகஸ்ட் மாதமும் எனக்கு வசதி."

இதில் புகழ்ச்சி இல்லை, சிறுவயது முதலே டாக்டராகும் கனவு இல்லை. படிக்கிற அதிகாரியின் மனத்தில் எழும் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் இருக்கிறது: எங்கே தங்கும், யார் ஏற்றி இறக்குவது, எவ்வளவு நேரம் தின்னும், வம்பு ஏதும் வருமா?

படி 6: போன்

அனுப்பி இரண்டு வாரம் கழித்துப் போன் செய்யுங்கள். காலை பத்து மணிக்கு மேல், பன்னிரண்டுக்குள். முதல் கேள்வி "என் விண்ணப்பம் என்ன ஆயிற்று?" என்று இருக்கக் கூடாது. "கடிதம் பதிவாகியிருக்கிறதா, பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். அரசுக் கடிதங்களின் மேல் வலது பக்கம் "ருஜுக்கான்" என்று ஒரு எண் இருக்கும். அது கையில் கிடைத்துவிட்டால் உங்கள் கடிதம் இனி தொலையாது. அடுத்த முறை அந்த எண்ணைச் சொன்னால் கிராணி பெயரைக்கூடக் கேட்காமல் கோப்பை எடுப்பார்.

போனை எடுப்பவர் தமிழ்ப் பெயர் சொன்னார் என்பதற்காக உடனே தமிழுக்குத் தாவாதீர்கள். பக்கத்து மேசையில் மேலதிகாரி இருக்கலாம். மலாயிலேயே பேசுங்கள், அவரே "தம்பி எந்த ஊரு?" என்று ஆரம்பித்தால் "ஆமாக்கா, லிந்தாங் பக்கம்" என்று தொடருங்கள். அப்புறம் பாதி வேலை முடிந்த மாதிரி. பேசி முடித்ததும் அவர் பெயரையும் சொன்னதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் நேரிலும் போய் வரலாம். சட்டை, மூடிய காலணி, கையில் அச்சடித்த ஒரு செட். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம்.

மறுப்பு வந்தால்

எழுத்தில் வரும் மறுப்பு நல்ல செய்தி, ஏனென்றால் அதில் பதிவு எண்ணும் கையெழுத்திட்டவர் பெயரும் இருக்கும். காரணத்தைப் படியுங்கள். மாணவர் நிறைந்துவிட்டார்கள் என்றால் வேறு தேதி கேட்டு அதே நாளில் பதில் எழுதுங்கள். மேற்பார்வையாளர் இல்லை என்றால் அதே மாவட்டத்தில் வேறு கிளினிக்கைக் கேளுங்கள். ஆவணம் குறைவு என்றால் அது மறுப்பே இல்லை.

ஒரே நேரத்தில் எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கலாம்? வெவ்வேறு மாநிலங்களில் இரண்டு, மூன்று பரவாயில்லை. ஒரே மாநிலத்தில் ஐந்து மாவட்டத்துக்கு அனுப்பினால் அத்தனையும் ஒரே மேசைக்குத்தான் போய்ச் சேரும், அங்கே பெயர் கெட்டுவிடும். ஓர் இடம் உறுதியானதும் மற்றவற்றுக்கு உடனே நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

எம்.பி., ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி), மாமாவின் நண்பர் என்று சிபாரிசு தேடுவது பற்றிக் கேட்கிறீர்கள். கடிதம் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கத் தெரிந்தவரைப் பயன்படுத்துவது வேறு, மேலிருந்து அழுத்தம் கொடுப்பது வேறு. அழுத்தத்தில் உள்ளே வந்த மாணவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தர மாட்டார்கள். நான்கு வாரமும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

தங்குமிடமும் வண்டியும்

ஈப்போவிலிருந்து தினமும் வந்து போகலாம் என்று நினைப்பவர்கள் ரயில் நேரத்தையும் கிளினிக் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் ஒரு தாமான் வீட்டில் அறை எடுப்பது நல்லது. கோயில் நிர்வாகத்தினரிடமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமோ கேட்டால் ஏதாவது ஒரு வீடு கிடைக்கும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருந்தால் பெரிய உதவி, ஏனென்றால் கிராப் டாக்சி எல்லா நேரமும் வராது, தோட்டத்துக்குள் வரவே வராது. தோட்டத்து செம்மண் சாலையில் மழைக்குப் பிறகு கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் எச்.ஏ.யின் வண்டியில் தொற்றிக்கொள்ளுங்கள். தோட்ட வாசலில் காவலருக்கு உங்கள் பெயர் முன்கூட்டியே போயிருக்க வேண்டும்.

உள்ளே வந்த பிறகு

1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி நீங்கள் இன்னும் மருத்துவர் அல்ல. மருந்து எழுதுவது, தனியாக முடிவெடுப்பது எதுவும் கூடாது. பெயர்ப்பட்டையில் மாணவர் என்று பெரிதாக இருக்கட்டும். பாட்டிமார் எப்படியும் "டாக்டரு" என்றுதான் கூப்பிடுவார்கள், ஒவ்வொரு முறையும் திருத்துங்கள். நோயாளி படம், வார்டு படம், "தோட்டத்தில் ஒரு நாள்" ரீல்ஸ் எதுவும் வேண்டாம்.

காலையில் சீக்கிரம் வாருங்கள். நீரிழிவு கிளினிக் நாளில் நோயாளிகளின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைப் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். நெரிசலில் டாக்டர்களுக்கு நேரம் கிடைக்காத வேலை அது. வருடக்கணக்கில் ரப்பர் பூட்ஸில் ஊறிய கால்களில் உணர்ச்சி போனதே பலருக்குத் தெரியாது. "கால் மதமதன்னு இருக்கு" என்று ஒருவர் தமிழில் சொன்னதை டாக்டருக்கு மலாயில் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்தக் கிளினிக்குக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம். பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்டால், எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்பதும் வெளியே வரும்.

சம்சு எனும் மலிவுச் சாராயம் பற்றியும் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் குற்றவாளியை விசாரிக்கும் தொனியில் வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயம் பலரைக் கொன்றது. பார்வை மங்கலாக வருகிறவரிடம் முந்தைய நாள் என்ன குடித்தார் என்று கேட்கத் தெரிந்த மாணவர் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

காய்ச்சலோடு வரும் தோட்டத் தொழிலாளியிடம் டெங்கியோடு நிற்காமல் எலிக்காய்ச்சலையும் நினையுங்கள். 2010 முதல் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். செம்பனைத் தோட்டத்தில் எலி, தேங்கிய தண்ணீர், காலில் வெடிப்பு மூன்றும் சேர்ந்தே இருக்கும். களைக்கொல்லி பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பூச்சிமருந்து குடித்து வருபவர்கள் விஷயத்தில் எந்தப் புட்டி என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஒரு நாளாவது சுகாதார இன்ஸ்பெக்டர்களோடு வெளியே போங்கள். 1901இல் கிள்ளான் மாவட்ட டாக்டராக வந்த மால்கம் வாட்சன் கால்வாய் வெட்டிச் சதுப்பைக் காயவைத்து மலேரியாவை அடக்கியதிலிருந்து, தோட்ட மருத்துவத்தின் பாதி எப்போதும் கிளினிக்குக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் இல்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா காட்டோரங்களில் இருக்கிறது. இது பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. இன்ஸ்பெக்டரோடு போனால் அதற்காக அவர்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று தெரியும்.

வியாழக்கிழமை எல்லாரும் பாத்தேக் துணி உடை போட்டு வருவார்கள். உங்களிடம் ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள். மிஸ்ஸிகளுக்கு, அதாவது நர்ஸ்களுக்கு, உங்களைப் பிடித்துப்போக இது போதும்.

கையெழுத்து

மதிப்பீட்டுப் படிவத்தைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். மேற்பார்வையாளர் அன்று புத்ராஜெயா மீட்டிங்கில் இருப்பார். மூன்றாவது வாரத்தின் நடுவிலேயே படிவத்தைக் கையில் கொடுத்து, தேதி கேட்டு வையுங்கள். வெளிநாட்டுக் கல்லூரிகள் கையெழுத்தோடு அலுவலக முத்திரையும் கேட்கும். முத்திரை டாக்டரின் சட்டைப் பையில் ஒன்று, நிர்வாக அறையில் ஒன்று என்று இருவகை. உங்கள் படிவம் எதைக் கேட்கிறது என்று படித்துப் பாருங்கள். மூலப்படிவம், இரண்டு நகல், போனில் ஒரு படம். மாவட்ட அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதும்போது பழைய ருஜுக்கான் எண்ணைப் போட்டு, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ்ஸி, எச்.ஏ., கிராணி ஆகியோரின் பெயர்களையும் எழுதுங்கள். அது அதே கோப்பில் சேரும், அவர்களுடைய மேலதிகாரியும் படிப்பார்.